பகலில் சொல்லாத கதை

செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிகளில் முதன்முறையாக வகுப்பெடுக்கப் போகும் இளம் ஆசிரியர்களே! பாடக்குறிப்பு எழுதுவதையும் வருகைப் பதிவையும் உங்களுக்குப் பயிற்சியில் கற்பித்திருப்பார்கள். அவற்றில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. அந்த நாளை நினைத்தால் ஓய்வு பெற்றவன் என்பதையே மறந்து நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். நெஞ்சு இன்றும் அப்படித் துள்ளுகிறது. அந்த நாள் எனக்குத் தந்த பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெடுநாள் வாய் திறவாத குழந்தை திடீரென்று வாய் திறந்தால் உடனே கைதட்டாதீர்கள். ஏன் திறந்தது என்று விசாரியுங்கள்.

நான் கடைசியாகப் பணியாற்றியது சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில். ஒரு சன்னல் வழியே நெல்வயல் தெரியும். மறு சன்னல் வழியே தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் பேருந்துகள் தெரியும். வகுப்பும் அப்படித்தான். பாதிப் பேர் உள்ளூர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு தாழ்வாரத்தில் உண்டு, ஒரு குழாயில் கைகழுவிய போதும் இரு கூட்டத்தாரும் எண்ணெயும் நீருமாகவே இருந்தனர். ஆகவே வெள்ளிதோறும் மதியம் ஒரு பாடவேளையைக் கதைக்கென ஒதுக்கினேன். வீட்டில் கேட்ட கதையை வீட்டு மொழியிலேயே சொல்லலாம். கேட்பவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். புரியாவிட்டால் குறுக்கே கேட்கலாம். இவ்வளவே விதி.

அது எப்படிப் பற்றிக்கொண்டது தெரியுமா! ஒடியா மாணவன் ஒருவன் காகமாக மாறி மேசை மீது ஏறினான். கோகுல் என்னும் உள்ளூர் மாணவன், வேடந்தாங்கலுக்கு வழி தெரியாமல் தவித்த நாரைகளைத் தன் தாய்மாமன் ஏழுமலை ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சென்று இறக்கிவிட்டதாக ஒரு கதை கட்டினான். கோகுலின் கதைகள் எல்லாவற்றிலும் ஏழுமலையும் அவருடைய ஆட்டோவும் வந்தே தீரும்.

பிங்கி ஒருத்திதான் கதை சொல்லமாட்டாள். பீகாரிலிருந்து வந்த குடும்பம். தந்தைக்கு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அவள் ஊமையல்லள், மற்ற நேரங்களில் வாயாடி. அவளுடைய தமிழ் என்னிடம் கற்ற தமிழன்று, கோகுலிடம் கற்றது. “உனக்கு வண்ணப் பென்சில் வேண்டுமா?” என்று நான் கேட்டால், “வாணாம் சார், எங்கிட்டயே கீது” என்பாள். ஆனால் வெள்ளிக்கிழமைக் கதை வேளை வந்தால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கூச்சம் என்று கருதினேன். பாவைகளைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். தாய்மொழியிலேயே சொல் என்றேன். பலனில்லை. அவள் தாயைக் கேட்டபோது, “ராத்திரி ஃபுல்லா கதைதான் சார். தம்பிய தூங்க வுட மாட்டா” என்று சிரித்தார். இரவு என்று அவர் சொன்னது என் செவியில் விழுந்தது, கருத்தில் பதியவில்லை.

இந்நிலையில்தான் செய்தி வந்தது. பிங்கியை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பு. அங்கே தாய்மொழியில் படிக்கட்டும், இங்கே இவள் என்ன கற்கிறாள் என்றே புரியவில்லை என்பது தந்தையின் எண்ணம். அழைத்துப் போக அவளுடைய தாய்மாமன் வெள்ளிக்கிழமை வருகிறார். அதைக் கேட்டது முதல் பிங்கி மதிய உணவைத் தொடவில்லை என்று வகுப்புத் தோழிகள் சொன்னார்கள். அவள் இங்கேயே இருக்க விரும்பினாள். அவளைக் கேட்பார்தான் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை. நான் கரும்பலகையின் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“சார், நான் கதை சொல்றேன்.”

பிங்கி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். காலை வேளை அது. கதைக்குரிய வேளையே அன்று. ஆனால் அத்தருணத்தில் வேளை பார்ப்பவன் ஆசிரியனா? சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பல்வலி வந்த முதலை ஒன்று கொக்கிடம் வைத்தியம் கேட்கப் போன கதையைத் தொடங்கினாள். முதலையின் தாடை வீங்கியதைக் கன்னத்தை உப்பிக் காட்டினாள். வகுப்பு உருண்டு சிரித்தது. அது முடிந்த மூச்சிலேயே அடுத்தது, அதன் பின் அடுத்தது. தமிழும் இந்தியும் கலந்து வந்தன, எங்கும் தடையில்லை. பிள்ளைகள் ‘ம்’ கொட்டும் ஓசை தாளம் போல் எழுந்தது. மகிழ்ச்சி தாங்காமல் தலைமையாசிரியையை அழைத்து வரச் செய்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் வந்து போகும் அந்த அம்மையார் அதிகம் பேசாதவர். வாசலில் நின்று சிறிது நேரம் கேட்டார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

“சார், இந்தப் பொண்ணு யாருக்குக் கதை சொல்றா?”

“வகுப்புக்குத்தான் அம்மா! எத்தனை மாதக் காத்திருப்பு!”

“ஒரு தடவை கூட வகுப்பைப் பாக்கல. வெளி கேட்டையே பாத்துகிட்டு சொல்றா. மூச்சு வாங்கக் கூட நிறுத்தல. சந்தோஷமா இருக்கிற குழந்தை இப்படிச் சொல்லாது. என்னன்னு கேளுங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மை. நான் கதையின் வளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குழந்தையின் கண்ணைப் பார்த்திருந்தார். கோகுலைச் சைகையால் வெளியே அழைத்தேன்.

“பிங்கிக்கு என்ன ஆயிற்று?”

அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். “உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிகீறா சார்.”

“என்னிடம் மட்டுமா?”

“ஆமா சார். எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் மூடநம்பிக்கைன்னு சொல்லுவீங்க. பூனை குறுக்க போனதுக்கே ஒரு பீரியடு ஃபுல்லா சொன்னீங்களே.”

தலைமையாசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். நான் திட்டமாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகு கோகுல் சொன்னான்.

“அவுங்க ஊர்ல பகல்ல கதை சொன்னா மாமா வழி தெரியாம பூடுவாராம் சார். வெளிய போன மாமா வூடு வந்து சேர மாட்டாராம். அதான் இத்தினி நாளு வாய பொத்திகினு இருந்தா. இன்னிக்கு அவ மாமா வராரு. இட்டுகினு போவத்தான் வராரு. அதான் சொல்லிகினே கீறா. வழி தெரியாம போவட்டும்னு.”

நண்பர்களே, என் உடல் சிலிர்த்தது. வாழ்நாளெல்லாம் இலக்கியத்தின் ஆற்றலைப் பற்றி மேடையில் பேசியவன் நான். ஆனால் ஒரு கதையால் ஒரு மனிதனின் பயணத்தையே திருப்ப முடியும் என்று இந்தச் சிறுமி நம்பிய அளவுக்கு நான் ஒருநாளும் நம்பியதில்லை. மாமன் மீதுள்ள அன்பினால் இத்தனை மாதம் வாயைப் பூட்டியிருந்தாள். இப்போது பள்ளியை விட மனமில்லாமல் அந்தப் பூட்டைத் தானே உடைத்துவிட்டாள். உள்ளே அவள் குரல் ஓடிக்கொண்டேயிருந்தது. மழையைத் தேடி ஊரை விட்டு நடந்துபோன ஒரு கிணற்றின் கதை அது.

என்ன செய்வது என்று நான் முடிவெடுக்கும் முன்பே பிங்கியின் தாய் கைபேசியும் கையுமாக ஓடி வந்தார்.

“சார், அவ மாமா இங்க வந்தாரா? காலைல போன் பண்ணாரு, தாம்பரம் தாண்டிட்டேன்னு. அப்புறம் போன் ஆஃப். பிங்கி அப்பா ஸ்டேஷன்லயே நிக்கறாரு. எத்தன டிரெயின் வந்துடுச்சு! ஆளே இல்ல.”

வகுப்பறைக்குள் குரல் நின்றது. கிணறு நடுச்சாலைக்கு வந்திருந்த இடத்தில் கதை அறுந்தது. பிங்கியின் முகத்தில் இரத்தமில்லை.

“நாந்தான் சார்” என்றாள். “நாந்தான் தொலச்சிட்டேன்.”

இங்கே சற்று நில்லுங்கள். இது போன்ற கணம் உங்களுக்கும் வரும். வரும்போது எண்ணிப் பார்க்க நேரம் தராது. அறிவியல் நோக்கில் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும்: கதைக்கும் பயணத்துக்கும் தொடர்பில்லை, நீ அஞ்சாதே. அது உண்மை. ஆனால் அந்த உண்மையை அக்கணத்தில் அவள் ஏற்கமாட்டாள். இன்னொன்றும் உண்டு. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வீட்டார் காலங்காலமாகச் சொல்லி வந்ததை நான் ஒரு சொல்லால் துடைத்தெறிந்தால், இத்தனை மாதம் வெள்ளிதோறும் நான் கட்டியதெல்லாம் அன்றே இடிந்துவிடும். அந்த மனிதருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டாலோ, இந்தக் குழந்தை தன் வாயால்தான் அது நேர்ந்தது என்று ஆயுள் முழுவதும் சுமப்பாள். மறுக்கவும் கூடாது, சுமக்க விடவும் கூடாது. அவள் நிற்கும் இடத்திலேயே போய் நின்றேன்.

“பிங்கி, வழி தவறிய மாமாவைத் திரும்ப வரவழைக்க உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?”

அவள் விழித்தாள். “தெரியாது சார். யாருமே பகல்ல சொன்னதில்ல.”

“அப்படியானால் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பே, சொல்லுங்கள்.”

முன்வரிசையிலிருந்த தேவி கையைத் தூக்கவும் பொறுமையின்றி எழுந்தாள். அவள் உழவர் வீட்டுப் பெண். பிங்கியுடன் அதுவரை அதிகம் பேசாதவள். “சார், கிணறு நடுரோட்டுல நின்னுகினு கீது. பாதில வுட்டா எப்படி? அத வூட்டுக்கு இட்டுகினு வந்தா மாமாவும் வந்துடுவாரு!”

அவள் முடிப்பதற்குள் கோகுல் கத்தினான்: “எங்க மாமாவ போய்த் தேடச் சொல்லலாம் சார்! அவருக்குத் தெரியாத ரோடே கெடையாது!”

தலைமையாசிரியை தம் கைபேசியை எடுத்து அவனிடம் நீட்டினார். எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“மாமா, பிங்கியோட மாமா தொலஞ்சிட்டாரு!”

“யாருடா தொலஞ்சது? நான் இங்கதான்டா கீறேன்!”

“நீ இல்ல மாமா. நீ என் மாமா. அவரு அவளோட மாமா.”

“சரி, அதுக்கு நான் இன்னா பண்றது? டீ கூட குடிக்கல, நின்னுகினு கீறேன்.”

“தேடு மாமா. அவ அழுவுறா.”

பின்பு ஏழுமலையின் குரல் மாறி வந்தது. “மாமன்னு சொல்லிட்ட. எங்கன்னுடா தேடறது?”

தலைமையாசிரியை குறுக்கிட்டார். நாள்தோறும் அதே தடத்தில் பயணம் செய்பவர் அல்லவா! “ரெண்டு ராத்திரி ரயில்ல வந்த மனுஷன். தாம்பரம் தாண்டினதும் காத்து வாங்கித் தூங்கியிருப்பாரு. நம்ம ஸ்டேஷன் போனதே தெரிஞ்சிருக்காது. செங்கல்பட்டுல போய்ப் பாருங்க. இவ அப்பா நம்ம ஸ்டேஷன்லதான் நிக்கறாரு, அவரையும் ஏத்திக்குங்க. ஆள் அடையாளம் காட்டணும்ல.”

“தோ கெளம்பிட்டேன் டீச்சரம்மா!”

இனிக் கிணறு. பிங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். கிணறு எங்கே நிற்கிறது என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை: “தாம்பரம் தாண்டி” என்றாள். வகுப்புக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அந்த அறையில் நடந்ததை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கண்டதில்லை. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து வரும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை முழுவதும் எங்கள் வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

“கூடுவாஞ்சேரில செம டிராபிக்கு! ஓரமா போவ சொல்லு!”

“பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் கொடத்த தூக்கிகினு வராங்க!”

“ஒரு கொடம் தண்ணிதான் தருவேன்னு சொல்லு பிங்கி, இல்லாங்காட்டி காலியாயிடும்!”

ஒடியா மாணவன் வண்டிகளின் ஊதொலியாக மாறினான். தேவி போக்குவரத்துக் காவலராகக் கையை நீட்டிக் கிணற்றுக்கு வழிவிட்டாள். மறைமலைநகர் வந்தபோது கிணற்றுக்கு உறக்கம் வந்துவிட்டது. அது பிங்கியின் சேர்க்கை. தலைமையாசிரியை சொன்னதை அவள் செவி பிடித்திருந்தது. உறங்கிய கிணறு சிங்கப்பெருமாள் கோயிலைக் கடந்தே போய்விட்டது. “ஐயோ, தாண்டிப்போச்சு!” என்று வகுப்பே அலறிற்று. செங்கல்பட்டில் தொடர்வண்டிப் பாதையை ஒட்டிய கொளவாய் ஏரியில் கால் பட்டதும் கிணறு விழித்துக்கொண்டது.

“அம்மாடி, எம்மாம் பெரிய கெணறு!” என்று ஏரியைப் பார்த்துக் கிணறு வியந்ததாகப் பிங்கி சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண்ணீரோடு சிரித்தாள். பிறகு கிணற்றைத் திருப்பினாள். பிள்ளைகள் ‘ம்’ கொட்டக் கொட்ட அது ஒவ்வோர் அடியாக வடக்கு நோக்கி நடந்தது.

நானோ வெளி வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை முடிந்து ஆள் வரவில்லையென்றால்? மெதுவாக நடத்து பிங்கி, மெதுவாக நடத்து என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கிணறு பரனூரைக் கடந்துகொண்டிருந்தபோது வெளியே ஆட்டோவின் ஊதொலி கேட்டது.

ஏழுமலை முதலில் இறங்கினார். பின்னே பிங்கியின் தந்தை. அவருக்குப் பின்னே, தோளில் ஒரு பையும் கலையாத உறக்கமுமாக, நெடிய உருவம் ஒன்று.

“இந்தா கோகுலு, உன் ஃப்ரெண்டோட மாமன்!” என்று ஏழுமலை வாசலிலிருந்தே கூவினார். “ஸ்டேஷன் பெஞ்சுல ஜாலியா குந்திகினு கீறாரு! போன்ல சார்ஜி இல்லியாம். இன்னா கேட்டாலும் சிரிக்கிறாரு. இவர தேடி நான்தான் பேஜாராயிட்டேன்.”

பிங்கி பாய்ந்து சென்று மாமனின் காலைக் கட்டிக்கொண்டாள். விம்மலுக்கிடையே அவள் இந்தியில் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டு மொழிக்கும் பொதுவான ‘மாமா’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வந்தது. அவர் கேட்டார். வியந்தார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் தரையில் பிள்ளைகள் நடுவே அமர்ந்தார். அவர் சொன்னதைப் பிங்கியின் தாய் தமிழில் சொன்னார்: “மாமா வந்துட்டாருல்ல, இனி பயமில்லையாம். மீதிக் கதைய சொல்லச் சொல்றாரு.”

பிங்கி சொன்னாள். கிணறு வீடு சேரும் வரை சொன்னாள். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ஹூம்’ என்றார். எங்கள் பிள்ளைகள் ‘ம்’ என்றார்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. உணவு மணி அடித்தும் யாரும் எழவில்லை.

முடிந்ததும் அவர் தங்கையையும் தங்கை கணவரையும் பார்த்து ஏதோ சொன்னார். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தந்தை தலையைச் சொறிந்தார். தாய் எங்களுக்கு மொழிபெயர்த்தார்: “இவள இட்டுகினு போனா வழி ஃபுல்லா பகல்ல கதை சொல்லுவா. நான் எப்படி ஊரு போய்ச் சேர்றதுன்னு கேக்கறாரு. இங்கயே இருக்கட்டுமாம்.”

தாய்மாமன் சொல் நம் வீடுகளில் எப்படிச் செல்லுமோ, அப்படித்தான் அவர்கள் வீட்டிலும் சென்றது. வகுப்பு எழுப்பிய கூச்சலில் சன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

இவ்வளவோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னை எழுந்து நிற்கச் செய்யும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

மாமன் சில நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பினார். அவர் புறப்பட்ட மறுநாள் காலை எங்கள் பள்ளிக்குக் கல்வி அலுவலர் ஒருவர் வந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் பிள்ளைகளின் கதைக்கூடல் ஒன்று நடக்கவிருந்தது. அதற்கு வகுப்பைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார். எங்கள் வகுப்பின் புகழ் அவர் காது வரை போயிருந்தது.

“நல்லாக் கதை சொல்லுவீங்களாமே! யாரு முதல்ல?”

ஒருவரும் எழவில்லை. கோகுலைப் பார்த்தேன், அவன் உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தான். தேவியும் பொத்தியிருந்தாள். வரிசை வரிசையாக, உள்ளூர்ப் பிள்ளைகளும் வெளியூர்ப் பிள்ளைகளும், வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடற்கரைக்குப் போக அத்தனை பேருக்கும் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும்.

அலுவலர் என்னைப் பார்த்தார். “என்ன சார் இது?”

நான் வாய் திறக்குமுன் கோகுல் விரலிடுக்கின் வழியே சொன்னான்: “பிங்கி மாமா இன்னும் ஊரு போய்ச் சேரல சார். ரயில்ல போய்கினு கீறாரு. பகல்ல சொன்னா வழி மாறிடுவாரு.”

அலுவலருக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த அவர், நெடுநேரம் பிள்ளைகளின் பொத்திய வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த கோப்பினை மூடினார்.

“அப்போ மாமல்லபுரத்துல பொழுது சாஞ்ச பிறகு வெச்சுக்கலாம். நீங்களே வந்து ஆரம்பிச்சு வைங்க” என்றார். எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: “நானும் மூணு பசங்களுக்கு மாமன்தான்.”

வகுப்பு திடுக்கிட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிங்கி எழுந்து நின்றாள். வாயிலிருந்து கையை எடுத்து, தாழ்ந்த குரலில், அவரைக் கெஞ்சுவது போலச் சொன்னாள்:

“அப்ப நீங்களும் வூடு போய்ச் சேர்ந்துட்டு ஒரு போன் பண்ணிடுங்க சார். அதுவரிக்கும் நாங்க சொல்ல மாட்டோம்.”